தீராத அசதி எதனாலன்னு நம்புறீங்க? அந்த நம்பிக்கை உங்களை எங்க கொண்டு போகுது

2025 ஆகஸ்ட்ல எடின்பரோ பல்கலைக்கழகத்துல இருந்து டிகோட்எம்இ-ன்னு ஒரு பெரிய மரபணு ஆய்வோட முதல் முடிவு வந்துச்சு. தீராத களைப்பு நோய் இருக்கிற 15,579 பேரோட டிஎன்ஏவை அந்த நோய் இல்லாதவங்களோட ஒப்பிட்டுப் பாத்ததுல, மரபணுத் தொகுப்புல எட்டு இடத்துல வித்தியாசம் தெரிஞ்சுது. அதுல சிலது கிருமித் தொற்றை உடம்பு எதிர்க்கிற விதத்தோட சம்பந்தப்பட்டது, ஒண்ணு நாள்பட்ட வலியோட சம்பந்தப்பட்டது. இந்த மாதிரி செய்தி வந்தா நம்ம ஆளுங்க ரெண்டு பக்கமா பிரிஞ்சு நிப்பாங்க. "பாத்தீங்களா, ஜீன்லயே இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு ஒரு பக்கம், "எல்லாம் மனசுதான், எழுந்து நடந்தா சரியாயிடும்"னு இன்னொரு பக்கம். ரெண்டுமே தப்பு. அந்த எட்டு இடமும் ஒவ்வொண்ணும் ரிஸ்க்கை கொஞ்சூண்டு கூட்டுற விஷயம், விதின்னு சொல்ற அளவுக்கு இல்ல, அதை வச்சு யாருக்கும் டெஸ்ட் பண்ணிச் சொல்லவும் முடியாது.

ஆனா இந்த கட்டுரை ஜீனைப் பத்தி இல்ல. காரணம் இதுதான்னு ஒரு ஆள் மனசுல முடிவு பண்ணிட்டா அதுக்கப்புறம் அவர் வாழ்க்கையில என்னென்ன மாறுதுங்கிறதைப் பத்தி. டாக்டர்கிட்ட போறாரா, லீவு எடுக்கிறாரா, வாக்கிங் போறாரா, படுத்துக்கிறாரா, வெக்கப்படுறாரா, வீட்டுல எல்லார்கிட்டயும் மறைக்கிறாரா, இதெல்லாம் அந்த நம்பிக்கையில இருந்துதான் கிளம்புது. சிங்கப்பூர்ல லாங் கோவிட் பத்தியும் டெங்குக்கு அப்புறம் வர்ற அசதி பத்தியும் பேச்சு இருக்கிற இந்த நேரத்துல இதை அடியில இருந்து பாத்துடலாம்.

முதல்ல வார்த்தைங்களை பிரிச்சுக்குவோம்

"உடம்பு அசதியா இருக்கு"ன்னு நம்ம சொல்றது ஒரு அறிகுறி. அதுக்கு பின்னாடி ஆயிரம் காரணம் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, சக்கரை, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா, பி12 குறைபாடு, மனச்சோர்வு, ரெண்டு வேலை பாக்குறது. இதுல பலதுக்கு நேரடி மருந்தோ சிகிச்சையோ இருக்கு.

க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், அதாவது மேல சொன்ன தீராத களைப்பு நோய், வேற. அது ஒரு தனி நோய். மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்ங்கிற பழைய பேரையும் சேத்து இப்ப எம்.இ./சி.எஃப்.எஸ்.னு எழுதுறாங்க. உலக சுகாதார நிறுவனம் மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸை 1969லயே நரம்பு சம்பந்தப்பட்ட நோய்ங்க பட்டியல்ல சேத்துருச்சு. 2015ல அமெரிக்காவோட இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கை இந்த நோய்க்கு இதெல்லாம் இருக்கணும்னு சொல்லுது:

1. ஆறு மாசத்துக்கு மேல, முன்னாடி செஞ்சுக்கிட்டிருந்த வேலை, படிப்பு, வீட்டு வேலை எல்லாம் கணிசமா குறைஞ்சு போற அளவுக்கு களைப்பு. ரெஸ்ட் எடுத்தாலும் போறதில்ல.
2. உழைப்புக்கு அப்புறம் வர்ற சரிவு. உடம்பு உழைப்போ மூளை உழைப்போ, தன்னோட அளவைத் தாண்டிட்டா அதுக்கப்புறம் எல்லா அறிகுறியும் மோசமாகும்.
3. தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லாம இருக்கிறது.
4. இது கூட, யோசனை மங்கிப் போறது, இல்லன்னா எழுந்து நின்னா தலை சுத்தி படபடன்னு வர்றது, இந்த ரெண்டுல ஒண்ணாவது.

அமெரிக்காவுல 8,36,000 பேர்ல இருந்து 25 லட்சம் பேர் வரைக்கும் இந்த நோய் இருக்கலாம்னும், அதுல 84ல இருந்து 91 சதவீதம் பேருக்கு இன்னும் நோய்னே கண்டுபிடிக்கலைனும் அந்த அறிக்கையில இருக்கு. அவ்வளவு பேர் பேரே தெரியாம இருக்காங்கன்னா அவ்வளவு பேரும் தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டுதான் இருப்பாங்க, அவங்களைச் சுத்தி இருக்கிறவங்களும்.

மேல சொன்ன நாலு அடையாளத்துல ரெண்டாவதா வர்ற, உழைப்புக்கு அப்புறம் வர்ற சரிவுதான் எல்லாத்துக்கும் சாவி. அதை எல்லாரும் புரிஞ்சுக்கிற மாதிரி பாக்கணும்னா ஒரு தைப்பூச நாளை எடுத்துக்கலாம்.

பால்குடம் எடுத்த நாளும் அதுக்கு ரெண்டு நாள் கழிச்சும்

ஒரு அக்காவை நெனச்சுக்குங்க. நாப்பது வயசு, செங்காங்ல வீடு, ரெண்டு புள்ளைங்க, சைல்ட்கேர்ல வேலை. ஒரு காய்ச்சல் வந்து போனதுல இருந்து ஒரு வருஷமா அசதி. வேண்டுதல் இருக்குன்னு தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்கிறாங்க. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் மூணு நாலு கிலோமீட்டர், தலையில குடம், சுத்தி வேல் வேல்னு சத்தம், மனசுல ஒரு வேகம். நடந்துடுறாங்க. பாலை ஊத்தி கும்பிட்டுட்டு டாக்சியில வீட்டுக்கும் வந்துடுறாங்க. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம்.

மறுநாள் கொஞ்சம் கால் வலி, அவ்வளவுதான். மூணாம் நாள் காலையில கண்ணைத் தொறந்தா உடம்பை அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. பல்லு தேய்க்க கையைத் தூக்கினா கை நடுங்குது, பிரஷ்ஷை சிங்க் ஓரத்துல வச்சுட்டு டாய்லெட் மூடி மேல உக்காந்துடுறாங்க. தொண்டை கரகரன்னு, லைட்டு கண்ணைக் குத்துது, புள்ள ஸ்கூல் ஆப்ல வந்த மெசேஜை மூணு தடவை படிச்சும் மண்டையில ஏறல. இது ஒரு நாள்ல போகல. ரெண்டு வாரம் ஆவுது.

மாமியார் கெட்டவங்க இல்ல, அக்கறையாத்தான் கேக்குறாங்க: "முந்தாநேத்து முருகனுக்கு அவ்ளோ தூரம் நடந்தியேம்மா, இன்னிக்கு நாலு சட்டி கழுவ முடியலையா?" வீட்டுக்காரரும் அதையே வேற மாதிரி சொல்றாரு: "மனசு வச்சா உன்னால முடியுதுல்ல?"

அவங்க பாத்தது உண்மை, அவங்க நடந்தாங்க. ஆனா அதுல இருந்து எடுத்த முடிவு தப்பு. உழைப்புக்கு அப்புறம் வர்ற சரிவு பெரும்பாலும் உடனே வராது, பல மணி நேரம் கழிச்சோ ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சோதான் வரும். பகல்ல முடிஞ்சது ராத்திரி பில் வர்ற மாதிரி. அதனால எதனால வந்துச்சுங்கிற தொடர்பே யாருக்கும் தெரியாம போயிடுது, அந்த அக்காவுக்கே தெரியறதில்ல. அவங்களும் "நமக்கு மனசு பலம் பத்தலை போல"ன்னு நம்ப ஆரம்பிக்கிறாங்க. அப்படி நம்பினதுனால கொஞ்சம் தெளிஞ்ச அன்னிக்கு விட்ட வேலையெல்லாம் சேத்து செய்யுறாங்க, வீடு கூட்டி, துணி துவைச்சு, தேக்கா மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கி. மறுபடி சரிவு. நல்ல நாள்ல அள்ளிப் போட்டு செய்யுறது, அப்புறம் படுக்கையில விழறது, இந்த சுத்து பல பேருக்கு வருஷக்கணக்கா ஓடுது.

நோய் வந்தா மனசு கேக்குற அஞ்சு கேள்வி

1980ல இருந்து ஹோவர்ட் லெவந்தால்னு ஒரு அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவங்களும் ஒரு விளக்கம் சொல்லிட்டு வந்தாங்க. உடம்புல ஏதோ சரியில்லைன்னு தோணினதும் ஒவ்வொருத்தரும் தனக்குத் தானே ஒரு சின்ன கதையைக் கட்டிக்கிறாங்க, அந்தக் கதையில அஞ்சு பாகம் இருக்கும்:

1. இது என்ன? பேரு என்ன?
2. எதனால வந்துச்சு?
3. எவ்வளவு நாள் இருக்கும்?
4. இதனால என்ன ஆகும்?
5. என்னால, இல்ல டாக்டரால, ஏதாவது செய்ய முடியுமா?

இதுல ரெண்டாவது கேள்விக்கு சொல்ற பதில்தான் மத்த நாலையும் இழுத்துட்டுப் போகுது. காரணம் சூடுன்னு நம்பினா பேரு "உடம்பு சூடு", இளநீர், பார்லி தண்ணி குடிச்சா ஒரு வாரத்துல போயிடும், பயப்பட ஒண்ணுமில்ல. ஏழரைச் சனின்னு நம்பினா ஏழரை வருஷம் பொறுத்துக்கணும், நடுவுல சனிக்கிழமை எள் தீபம். காரணம் நான் சோம்பேறிங்கிறதுன்னு நம்பினா பேரே இல்ல, டாக்டரே தேவையில்ல, என்னைத் திட்டிக்கிறதுதான் வைத்தியம். கதை மாறினா செய்யுறதும் மாறுது.

நம்ம பக்கத்துல அடிக்கடி கேக்குற காரணங்களும் அதோட விளைவும்

சூடு, கண்ணு பட்டது, கிரகம். இதை நம்புறவங்களை கிண்டல் பண்ணக் கூடாது, அதுல ஒரு நல்லது இருக்கு. நோய் வெளியில இருந்து வந்த ஒண்ணுன்னு ஆயிடுது, நோயாளி மேல பழி விழறதில்ல. வீட்டுல சுத்திப் போடுவாங்க, விளக்கு ஏத்துவாங்க, அக்கறையா நடத்துவாங்க. கெட்டது என்னன்னா காலம் ஓடுது. தைராய்டு குறைஞ்சு போன ஒருத்தர் வருஷக்கணக்கா எலுமிச்சம்பழம் சுத்திக்கிட்டே இருந்தா ஒரு சின்ன மாத்திரையில தீர வேண்டியது தீராமலே இருக்கும்.

"ஸ்ட்ரெஸ்". இதுதான் இப்ப ரொம்ப பிரபலம், படிச்சவங்க சொல்றதுனால அறிவியல் மாதிரியே தெரியும். சிங்கப்பூர்ல யாருக்கு ஸ்ட்ரெஸ் இல்ல, அதனால எல்லாருக்கும் பொருந்திப் போயிடுது. அதுல ரெண்டு ஆபத்து. ஒண்ணு, மேல சொன்ன ரத்தசோகை, தைராய்டு, சக்கரை, பி12 மாதிரி காரணங்களுக்கு ரத்த டெஸ்ட் யாரும் எடுக்கிறதில்ல. நம்ம சமூகத்துல சக்கரை அதிகம், மெட்ஃபார்மின் மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டா பி12 குறையலாம், சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கும் பி12 குறையலாம். ரெண்டும் சேந்த ஒரு அம்மாவுக்கு அசதி வந்தா "பேரப்புள்ளைங்களை பாத்துக்கிற டென்ஷன்"னு சொல்லி விட்டுடுறது எவ்வளவு பெரிய தவறு. ரெண்டாவது, ஸ்ட்ரெஸ்தான்னா லீவு போட்டு பக்கத்துல பாத்தாம் தீவுக்குப் போயி ரிலாக்ஸ் பண்ணினா போயிடணும், போகலைன்னா இந்த ஆளுக்கே குணமாக இஷ்டமில்லைன்னு அடுத்த சந்தேகம் வருது.

"சாவ் கெங்". என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, போன எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை, உடம்பு சரியில்லாத மாதிரி நடிக்கிறது. பதினெட்டு வயசுல அந்த சொல்லைக் கேட்டு வளர்ந்த பசங்க முப்பத்தஞ்சுல நிஜமாவே விழுந்தாலும் அந்த சொல்லு காதுல ஒலிச்சுக்கிட்டே இருக்கும். தாஹான் பண்ணணும், தாங்கிக்கணும்னு இருப்பாங்க. ஐபிபிடிங்கிற ராணுவ உடற்தகுதி டெஸ்ட்ல பாஸ் பண்ணின உடம்பு மூணு மாடி படி ஏற முடியலைன்னு டாக்டர்கிட்ட சொல்றதுக்கே வெக்கம். ஆம்பளைங்க இந்த விஷயத்துல லேட்டா வாய் தொறக்கிறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

கிருமி. கோவிட், டெங்கு, வேற ஏதாவது வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுதுன்னு பல பேர் சொல்றாங்க. இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு, அதை அடுத்து பாக்கலாம்.

நோயாளியோட நம்பிக்கைதான் நோயை இழுத்துட்டுப் போகுதுன்னு டாக்டருங்க நம்பின கதை

இந்த நோயோட வரலாறே நம்பிக்கைங்களோட சண்டை. 1955ல லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில 292 ஊழியருங்க ஒரே சீசன்ல விழுந்தாங்க, நர்சுங்களும் டாக்டருங்களும்தான் அதிகம், ஆஸ்பத்திரியையே சில மாசம் மூட வேண்டியதாச்சு. அந்த பின்னணியிலதான் மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்ங்கிற பேரும் வந்துச்சு. 1970ல மெக்ஈவடி, பியர்ட்னு ரெண்டு மனநல மருத்துவருங்க பழைய கேஸ் ஃபைலுங்களைப் புரட்டிப் பாத்துட்டு இது கூட்டமா வந்த ஹிஸ்டீரியான்னு எழுதினாங்க. பொம்பளைங்களுக்கு அதிகமா வந்ததையும் அதுக்கு ஒரு காரணமா காட்டினாங்க. அந்த நோயாளிங்களை அவங்க நேர்ல பரிசோதிக்கல. ஆனா அந்த எண்ணம் மருத்துவ உலகத்துல ரொம்ப நாள் ஒட்டிக்கிச்சு.

1989ல சைமன் வெஸ்லி, ட்ரூடி சால்டர் உட்பட நாலு பேர் லண்டன்ல இருந்து ஒரு விளக்கம் கொடுத்தாங்க. சுருக்கமா: ஆரம்பத்துல ஒரு வைரஸ் வந்திருக்கலாம், அது போயிடுச்சு. ஆனா நோயாளி இன்னும் உடம்புல நோய் இருக்குன்னு நம்பி, அசைஞ்சா மோசமாகும்னு பயந்து படுக்கிறாரு, படுக்கப் படுக்க தசை பலம் போகுது, பலம் போனதுனால அசதி கூடுது, அதைப் பாத்து நம்பிக்கை இன்னும் உறுதியாகுது. அப்ப மருந்து என்ன? நம்பிக்கையை மாத்துறது, உடற்பயிற்சியை படிப்படியா கூட்டுறது.

1994ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு ஆய்வு இதுக்கு பலம் சேத்துச்சு. தன் நோய்க்கு உடம்புதான் காரணம்னு உறுதியா நம்பினவங்களுக்கு பின்னாடி குணம் குறைவா இருந்துச்சுன்னு அதுல தெரிஞ்சுது. வேற ஆய்வுங்களும் இதே மாதிரி சொல்லிச்சு. இங்கதான் வாசகருங்க நின்னு யோசிக்கணும், ஏன்னா பெரிய குழப்பமே இங்கதான். ரெண்டு விஷயம் சேந்து போகுதுங்கிறதுக்காக ஒண்ணு இன்னொண்ணை உண்டாக்குதுன்னு அர்த்தமில்ல. உடம்பு அதிகமா பாதிச்சவங்க, "இது சும்மா மனசு விஷயமா இருக்கவே முடியாது"ன்னு உறுதியா நம்பத்தான் செய்வாங்க, அவங்களுக்குத்தான் குணமாறதும் கஷ்டம். குடை பிடிச்சவங்க இருக்கிற தெருவுலதான் மழை அதிகமா பெய்யுது, அதுக்காக குடையை மடக்கினா மழை நிக்காது.

அந்த விளக்கத்துக்கு எதிரா இருக்கிற ஆதாரங்கள்ல எனக்கு முக்கியமா படுறது இந்த நாலு:

1. டப்போ ஆய்வு. ஆஸ்திரேலியாவுல டப்போங்கிற ஊர்ப் பக்கம் சுரப்பிக் காய்ச்சல், க்யூ காய்ச்சல், ராஸ் ரிவர் வைரஸ்னு மூணு வேற வேற தொற்று வந்த 253 பேரை ஆரம்பத்துல இருந்தே பின்தொடர்ந்தாங்க. ஆறு மாசம் கழிச்சு 12 சதவீதம் பேருக்கு அசதி நீடிச்சுது. யாருக்கு நீடிக்கும்னு முன்கூட்டியே காட்டினது ஆரம்ப காய்ச்சல் எவ்வளவு கடுமையா இருந்துச்சுங்கிறதுதான், மனசு சம்பந்தப்பட்ட விஷயங்கள் இல்ல. 2006ல வந்த முடிவு இது. மத்த ஆய்வுங்க நோய் வந்த பிறகு கேட்டுது, இது வர்றதுக்கு முன்னாடியே கணக்கெடுத்துச்சு, அதனால இதோட எடை அதிகம்.

2. நம்ம பக்கம். 2003ல சார்ஸ் வந்தது சிங்கப்பூர்ல 238 பேருக்கு, 33 பேர் இறந்துட்டாங்க, அந்த பயம் இன்னும் பல பேருக்கு நினைவு இருக்கும். ஹாங்காங்ல சார்ஸ்ல பிழைச்ச 233 பேரை சில வருஷம் கழிச்சுப் பாத்தப்ப 40 சதவீதம் பேருக்கு தீராத களைப்பு இருந்துச்சு. சிங்கப்பூர்லயே டெங்குவுக்காக ஆஸ்பத்திரியில சேந்தவங்களை வச்சு செஞ்சு 2007ல வெளிவந்த ஆய்வுல ரெண்டு மாசம் கழிச்சும் ஏறக்குறைய கால்வாசி பேருக்கு குறிப்பிடத்தக்க அசதி. 2020ல மட்டும் இங்க 35,000க்கு மேல டெங்கு வந்துச்சுங்கிறதை இதோட சேத்துப் பாருங்க.

3. சைக்கிள் டெஸ்ட். முகமூடி மாட்டி மூச்சை அளந்துக்கிட்டே சைக்கிள் மிதிக்க வைப்பாங்க, மறுநாள் அதையே திரும்ப செய்ய வைப்பாங்க. வெறுமனே பழக்கம் விட்டுப் போனவங்களுக்கு ரெண்டு நாளும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரும். இந்த நோய் இருக்கிற பலருக்கு ரெண்டாம் நாள் அளவு இறங்கிடுது.

4. இது என்னை ரொம்ப யோசிக்க வச்சது. எல்லாமே நம்பிக்கைதான்னா மருந்தே இல்லாத வெத்து மாத்திரைக்கு நல்லா கேக்கணும்ல? 2005ல பல சோதனைங்களை சேத்துப் பாத்தப்ப இந்த நோயில வெத்து மாத்திரைக்கு முன்னேற்றம் காட்டினவங்க சராசரியா 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழ, எதிர்பாத்ததை விட குறைவு. அந்த ஆய்வை செஞ்சவங்கள்ல வெஸ்லியும் ஒருத்தர்.

இதுக்கு நடுவுல 2011ல பேஸ்ங்கிற பெரிய சோதனை, 641 பேரை வச்சு செஞ்சது, பயிற்சியும் பேச்சு சிகிச்சையும் உதவுதுன்னு சொல்லிச்சு. 22 சதவீதம் பேர் குணமாயிட்டாங்கன்னு 2013ல அடுத்த கட்டுரை. ஆனா குணம்னு எதைச் சொல்றதுங்கிற அளவுகோலை நடுவுல தளர்த்தியிருந்தாங்க. எந்த அளவுக்கு தளர்வுன்னா, உடம்பு இயக்கத்துக்கான மதிப்பெண் 65 அல்லது அதுக்குக் கீழ இருந்தாத்தான் நோயாளியா சேர முடியும், ஆனா 60 எடுத்தாலே அந்த அளவுல குணமானவர் கணக்கு. 2016ல ஒரு தீர்ப்பாயம் உத்தரவு போட்டு தரவு வெளிய வந்து, முதல்ல எழுதி வச்ச அளவுகோல்படி மத்தவங்க கணக்கு போட்டப்ப குணமானவங்க விகிதம் ஒத்தை இலக்கத்துக்கு இறங்கிச்சு, சாதாரண சிகிச்சை எடுத்தவங்களோட பெரிய வித்தியாசமும் இல்ல. 2021 அக்டோபர்ல இங்கிலாந்துல சிகிச்சை வழிகாட்டி எழுதுற நைஸ் அமைப்பு தன்னோட வழிகாட்டியை மாத்தி, படிப்படியா கூட்டுற உடற்பயிற்சியை சிகிச்சையா கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. பேச்சு சிகிச்சையை நோயோட வாழறதுக்கு துணையா வேணா கொடுக்கலாம், குணப்படுத்துற மருந்தா இல்ல.

இதுல ஒண்ணு கவனிங்க. ஒரு நம்பிக்கை நோயாளிங்களை காயப்படுத்தினது உண்மை, ஆனா அந்த நம்பிக்கை நோயாளியோடது இல்ல, அறையில மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவங்களோடது. அசைஞ்சா மோசமாகுதுன்னு நோயாளி சொன்னதை பயம்னு எடுத்துக்கிட்டாங்க. அது நோயாளியோட உடம்பு கொடுத்த தகவல்.

"உடம்புதான் காரணம்"னு நம்புறதுலயும் பள்ளம் இருக்கு

அப்ப உடம்புன்னு நம்பினா நல்லதுன்னு முடிவு கட்டிடலாமா? அதுவும் அப்படி நேரா போகல. 2009ல அமெரிக்காவுல எக்ஸ்எம்ஆர்வி-ன்னு ஒரு வைரஸ்தான் காரணம்னு பெரிய பத்திரிகையில கட்டுரை வந்துச்சு. பல வருஷமா யாரும் நம்பாம கிடந்தவங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட ஆறுதலா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சில பேர் எச்ஐவிக்கு கொடுக்கிற மருந்தைக் கூட எடுக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் பாத்தா அது ஆய்வுக்கூடத்துல கலந்துட்ட அசுத்தம், 2011 டிசம்பர்ல கட்டுரையையே திரும்ப எடுத்துட்டாங்க.

ஒரே ஒரு காரணத்தை இறுக்கிப் பிடிச்சா அந்தக் காரணத்துக்கு மருந்து விக்கிறவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. குடல் சுத்தம், ட்ரிப்ஸ்ல வைட்டமின், ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு பேக்கேஜ். எம்.இ./சி.எஃப்.எஸ்.க்கு குணப்படுத்துற மருந்துன்னு ஒப்புதல் வாங்கின ஒண்ணும் இன்னிக்கு வரைக்கும் இல்ல, அதனால குணப்படுத்துறேன்னு காசு கேக்குற யாரையும் நம்பக் கூடாது.

இன்னொண்ணு, "உடம்புதான்"னு அடிச்சுப் பேசிப் பழகினவங்க மனசுக்கு உதவி தேடவே பயப்படுறாங்க, மனநல டாக்டர்கிட்ட போனா "பாத்தியா, மனசுதான்"னு சொல்லிடுவாங்களோன்னு. வருஷக்கணக்கா படுத்துக் கிடந்தா யாருக்கா இருந்தாலும் மனசு உடையும், கேன்சர் வந்தவங்களுக்கும் உடையுது, அதுக்கு உதவி வாங்கினா கேன்சர் பொய்னு யாரும் சொல்றதில்ல. மனச்சோர்வையும் இந்த நோயையும் பிரிச்சுப் பாக்க ஒரு தோராயமான வழி சொல்றாங்க: மனச்சோர்வுல பெரும்பாலும் எதுலயும் ஆசையே வராது, இதுல ஆசை முட்டிக்கிட்டு நிக்கும், உடம்பு வராது. ரெண்டும் சேந்தும் வரலாம்.

சுத்தி இருக்கிறவங்க என்ன நம்புறாங்க

நோயாளி தனக்குள்ள என்ன நம்புறாருங்கிறதை விட முதலாளி, டாக்டர், வீட்டுக்காரர் என்ன நம்புறாங்கங்கிறது அவரோட நாளை அதிகமா தீர்மானிக்குதுன்னு நான் சொல்வேன். ஏன்னா ரெஸ்ட் எடுக்கிற உரிமை அவங்க கையில இருக்கு.

வேலையை எடுத்துக்குங்க. சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆறு மாசம் வேலை பாத்த ஊழியருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோட மருத்துவ விடுப்பு, ஆஸ்பத்திரி விடுப்பும் சேத்தா 60 நாள். இந்த கணக்கு காய்ச்சல் மாதிரி வந்து போற நோய்க்கு சரியா வரும். மாசத்துக்கு ரெண்டு தடவை சரியுற நோய்க்கு 14 நாள் ஏப்ரலோட முடிஞ்சுடும். அதுக்கப்புறம் அந்த ஆள் சொல்ற காரணத்தை மேனேஜர் நம்புறாரா இல்லையாங்கிறதுலதான் வேலையே தொங்குது. எம்சி, அதாவது மருத்துவ லீவு சீட்டு, எழுதிக் கொடுக்கிற டாக்டரும் அப்படித்தான், சாதாரண ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துட்டா "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிடுறாரு. அந்த டெஸ்டுங்க தேடினது இல்லைங்கிறதுதான் அதோட அர்த்தம், நோயே இல்லைன்னு அர்த்தமில்ல. ஆனா வீட்டுக்கு வந்து சொல்றப்ப அது "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு"ன்னு ஆயிடுது.

பொம்பளைங்களுக்கு இது இன்னும் கனம். இந்த நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வருது, வீட்டு வேலையும் அவங்க தலையிலதான் அதிகம், அசதின்னு சொன்னா "எங்களுக்கு இல்லாத அசதியா"ன்னு இன்னொரு பொம்பளையே கேக்குறாங்க. எல்லாருக்கும் அசதி இருக்கிறதுனாலயே இந்த நோய்க்கு மரியாதை கிடைக்கிறதில்ல.

காரணம் தெரியாமலே செய்யக் கூடியது

காரணத்தை முடிவு பண்ணாமலே சரியான வேலையை ஆரம்பிக்க முடியும். "எதனால வந்துச்சு"ங்கிற கேள்வியை கொஞ்சம் தள்ளி வச்சுட்டு "இது எப்படி நடந்துக்குது"ன்னு பாக்கணும்.

1. மத்த காரணங்களை முதல்ல கழிச்சுடுங்க. பாலிகிளினிக்லயோ வழக்கமா போற ஜிபிகிட்டயோ ரத்த எண்ணிக்கை, இரும்புச்சத்து, தைராய்டு, சக்கரை, பி12 பாக்கச் சொல்லிக் கேளுங்க. குறட்டை சத்தம் பக்கத்து ரூமுக்கு கேக்குதுன்னா அதையும் சொல்லுங்க.

2. ரெண்டு வாரத்துக்கு ஒரு டைரி எழுதுங்க. என்ன செஞ்சீங்க, எவ்வளவு நேரம், அன்னிக்கு எப்படி இருந்துச்சு, மறுநாள், மூணாம் நாள் எப்படி. ஃபோன்ல ஒரு வரி போதும். சரிவு வந்தா ரெண்டு நாள் பின்னாடி போயி பாருங்க. அந்த அக்கா இதை எழுதியிருந்தா செவ்வாய்க்கிழமை விழுந்ததுக்கு பக்கத்துலயே ஞாயித்துக்கிழமை பால்குடம்னு இருந்திருக்கும்.

3. டாக்டர்கிட்ட "டயர்டா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா அவர் காதுல அது இன்னிக்கு வந்த இருபதாவது டயர்ட். "மார்க்கெட் போயிட்டு வந்தா ரெண்டு நாள் கழிச்சு படுத்துடுறேன், நாலு நாள் எழ முடியல, இது ஆறு தடவை நடந்துருச்சு"ன்னு டைரியைக் காட்டிச் சொல்லுங்க. நைஸ் வழிகாட்டிப்படி பெரியவங்களுக்கு ஆறு வாரம் இப்படி இருந்தாலே சந்தேகப்படலாம், மூணு மாசத்துல நோயை உறுதி பண்ணலாம்.

4. சரிவு உறுதியா தெரியுதுன்னா உங்க எல்லைக்குள்ள இருங்க. பேசிங்னு சொல்றாங்க. நல்லா இருக்கிற நாள்ல முடியுற அளவுல கொஞ்சம் மிச்சம் வச்சு நிறுத்துறது. உக்காந்து காய் நறுக்குறது, உக்காந்து குளிக்கிறது, லிஃப்ட் வர்ற வரைக்கும் நிக்காம பக்கத்துல உக்காருறது. இது நோயைக் குணமாக்காது, ஆனா சரிவு குறையும்.

5. சரிவு இல்லாத சாதாரண அசதிக்கு, மனச்சோர்வுக்கு, பழக்கம் விட்டுப் போனதுக்கு நடையும் உடற்பயிற்சியும் நல்ல மருந்து. அதனாலதான் முதல்ல எதுன்னு பிரிச்சுப் பாக்கணும்கிறேன். தெரியாம இதுக்கு அதை மாத்திக் கொடுத்தா ரெண்டு பேருக்குமே கெடுதல்.

வீட்டுல இருக்கிறவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. "இன்னிக்கு எப்படி இருக்கு"ன்னு கேக்குறதோட சேத்து "முந்தாநேத்து என்ன செஞ்ச"ன்னு கேட்டுப் பாருங்க. அந்த மாமியார் அப்படிக் கேட்டிருந்தா பதில்லயே பால்குடம் வந்திருக்கும், சிங்க்ல கிடந்த சட்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அடுத்த தைப்பூசத்துக்கு வேண்டுதலை எப்படி செலுத்தலாம்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்பாங்க, முழு தூரமும் நடக்காம கோயில்லயே அர்ச்சனை செஞ்சுட்டு வர்றதா, இல்ல மகனை எடுக்க வைக்கிறதான்னு.